ஷூ டப்பாவுக்குள் ஒரு புவெப்லோ

டிசம்பர் லீவு விடுவதற்கு முந்தின வாரம் என் மகள் ஒரு காலி ஷூ டப்பாவோடு வந்து நின்றாள். டாலஸ் பக்கம் ஒரு புறநகர்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். சோஷியல் ஸ்டடீஸ் ப்ராஜெக்டாம், ஜனவரியில் கொண்டுபோய்க் கொடுக்கணுமாம். கூடவே ஒரு ஒர்க்‌ஷீட். அதில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: புவெப்லோ மக்கள் மண்வீடுகளில் வாழ்ந்தார்கள். சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டார்கள். அழகான பானைகள் செய்தார்கள். மழைக்காக ஆடினார்கள். கச்சினா என்ற தெய்வங்களை வணங்கினார்கள். செய்ய வேண்டியது: டப்பாவுக்குள் ஒரு மண்வீடு, ஐஸ்குச்சியில் ஏணி, பேப்பர் பிளேட்டில் ஒரு கச்சினா முகமூடி.

படித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள். "அப்பா, இவங்கள்லாம் எப்ப செத்துப்போனாங்க?"

அவள்மேல் தப்பே இல்லை. ஐந்து வாக்கியம், ஐந்து வினைமுற்று, ஐந்தும் இறந்தகாலம். ஒன்பது வயசுக் குழந்தை சரியாகத்தான் படித்திருக்கிறது.

யாரும் செத்துப்போகவில்லை. நியூ மெக்சிகோவில் இன்றைக்கு 19 புவெப்லோக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனி ஊர், தனி அரசு. அரிசோனாவில் ஹோப்பிகள் இருக்கிறார்கள். இன்னொன்று நாங்கள் குடியிருக்கும் இதே டெக்சாஸில், எல் பாசோவில் இருக்கிறது. இஸ்லெட்டா டெல் சூர் என்று பெயர். பிங்கோ நடத்தும் உரிமைக்காக மாநில அரசோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்த ஊர். செத்தவர்கள் கேஸ் நடத்துவதில்லை. தன் மாநிலத்தின் மீதே வழக்கில் ஜெயித்த ஒரு சமூகத்தைப் பற்றி அந்த மாநிலத்துக் குழந்தைக்கு 'வாழ்ந்தார்கள்' என்று சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

டீச்சரைத் திட்டுவதற்கு முன்னால் என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் இருந்த மொத்த ஞானமும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் போட்ட பிச்சை. இரவுக் கழுகாரும் கிட் கார்சனும் குதிரையில் வருவார்கள், நவாஹோக்கள் புகை விடுவார்கள். நிஜமான கிட் கார்சன் நவாஹோக்களின் பயிரைக் கொளுத்தி அவர்களைப் பணியவைத்த ஆள் என்பதும், 1864-ல் அந்த ஜனங்கள் நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே துரத்தப்பட்டார்கள் என்பதும் நாற்பது வயசுக்கு மேல்தான் எனக்குத் தெரியும். அந்தச் செய்தி தெரிந்த பிறகும் டெக்ஸ் படிப்பதை நான் நிறுத்தவில்லை, அது வேற கதை. நம் ஊர்ச் சூழலியல் கட்டுரைகளில் தவறாமல் வந்து நிற்குமே சியாட்டில் தலைவரின் பேச்சு, அதன் பிரபலமான வடிவத்தை எழுதியவர் டெட் பெர்ரி என்கிற அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர். 1972-ல் ஒரு படத்துக்காக எழுதியது. 'செவ்விந்தியர்' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, இயற்கையோடு இயைந்தவர்கள் என்று ஒரு ஸ்டேட்டஸும் போட்டுவிட்டால் நமக்கும் கணக்கு முடிந்தது. என்ன, ஐஸ்குச்சியும் பசையும் நமக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புவெப்லோ என்பதே அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் கிடையாது. ஸ்பானிஷ் மொழியில் ஊர் என்று அர்த்தம். வந்தவன், 'இவர்கள் ஊர் கட்டி வாழ்கிறார்கள்' என்று பார்த்துச் சொன்னது இனத்தின் பெயராகிவிட்டது. அந்த ஒரே பெயருக்குக் கீழே ஒன்றோடொன்று உறவில்லாத நாலு மொழிக்குடும்பங்கள் இருக்கின்றன. கேரஸ் தனி, ஸூனி தனி, ஹோப்பி தனி. டிவா, டேவா, டோவா மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒர்க்‌ஷீட்டுக்கு இதெல்லாம் ஒரே மண்வீடு.

அப்புறம் அந்த 'மர்மம்'. மேசா வெர்டே, சாக்கோ பள்ளத்தாக்கு என்று எந்த வீடியோவைத் திறந்தாலும் பின்னணியில் ஒரு புல்லாங்குழல் அழும், ஒரு குரல் வந்து இவர்கள் மர்மமான முறையில் மறைந்துபோனார்கள் என்று சொல்லும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருபது வருஷத்துக்கு மேல் கடும் வறட்சி. ஊருக்குள் பூசலும் இருந்தது. ஜனங்கள் மலைக்குடைவு வீடுகளைக் காலி செய்துவிட்டு ரியோ கிராண்டே ஆற்றுப்பக்கமும் ஹோப்பி, ஸூனி பக்கமும் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு அங்கே இருக்கிறார்கள், எந்த இடத்திலிருந்து வந்தோம் என்று அவர்களே சொல்கிறார்கள். நான்கூட மதுரையிலிருந்து டாலஸுக்கு வந்தவன். இவன் மர்மமாக மறைந்துபோனான் என்று என்னைப் பற்றி யாரும் டாக்குமெண்டரி எடுக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் புவெப்லோக்களைப் பற்றிக் குறைவாகச் சொல்லித்தருகிறது என்பது என் புகார் இல்லை. தலைகீழாகச் சொல்லித்தருகிறது. எதைத் தொடாதீர்கள் என்று அவர்கள் கெஞ்சியும் சட்டம் போட்டும் சொல்கிறார்களோ அதையெல்லாம், முகமூடி, கீவா, நடனம் என்று, எடுத்துக் கைவினை வகுப்பு நடத்துகிறது. எதை உலகத்துக்குச் சொல்லுங்கள் என்று நானூறு வருஷமாகக் கத்துகிறார்களோ அதை ஒரு வரிகூடச் சொல்வதில்லை. அவர்களுடைய சாமியை அவிழ்த்துப் பார்க்கிறது, வரலாற்றை மூடி வைக்கிறது.

ஏன் மறைக்கிறார்கள், அப்படி என்ன ரகசியம் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ரகசியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1661-ல் பிரான்சிஸ்கன் பாதிரிகள் கீவாக்களுக்குள் புகுந்து கச்சினா முகமூடிகளை நூற்றுக்கணக்கில் வாரிக் கொளுத்தினார்கள். 1675-ல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 47 பெரியவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிலருக்குத் தூக்கு, மற்றவர்களுக்குச் சவுக்கடி. ஸ்பானிஷ்காரன் போய் அமெரிக்கன் வந்தான். 1883-ல் இந்தியக் குற்றங்கள் என்றே ஒரு விதித்தொகுப்பு வந்தது, ஆடுவதும் அதில் குற்றம். 1921-லும் 1923-லும் இந்திய விவகார ஆணையர் சார்லஸ் பர்க் சுற்றறிக்கை விட்டு நடனங்களைக் குறைக்கச் சொன்னார். அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பாதுகாக்க அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது 1978-ல். நிலாவுக்குப் போய்விட்டு வந்து ஒன்பது வருஷம் கழித்து. நடுவில் நோட்டும் பென்சிலுமாக ஆய்வாளர்கள் வேறு கீவாவுக்குள் தலையை நுழைத்தார்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு ஜனம் கதவைச் சாத்திக்கொண்டால் அதற்குப் பெயர் மர்மம் இல்லை, அனுபவம்.

பாரிஸில் 2013 ஏப்ரலில் ஹோப்பிகளின் புனித முகமூடிகள் எழுபது ஏலத்துக்கு வந்தன. ஹோப்பிகள் அவற்றை முகமூடி என்றே சொல்வதில்லை, நண்பர்கள் என்கிறார்கள். உயிருள்ளவை, விற்காதீர்கள் என்று நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஏலம் நடந்தது. அந்த டிசம்பரில் இன்னொரு ஏலம் வந்தபோது ஒரு அமெரிக்க அறக்கட்டளை ரகசியமாக ஏலம் கேட்டு 24 பொருள்களை வாங்கித் திருப்பிக்கொடுத்தது. அப்படி ஒரு ஜனம் மன்றாடிய பொருளை என் மகள் பேப்பர் பிளேட்டில் வெட்டிக் கண்ணுக்கு ஓட்டை போட வேண்டுமாம். எந்தக் கலரும் அடிக்கலாம், கற்பனையைப் பயன்படுத்தவும் என்று குறிப்பு வேறு.

ஹோப்பிக் கலைஞர்களே கச்சினா பொம்மை செதுக்கி விற்கிறார்களே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். விற்கிறார்கள். எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று அவர்கள் முடிவு செய்துகொண்டு விற்கிறார்கள். சான் இல்டெஃபோன்சோவின் மரியா மார்ட்டினெஸும் கணவர் ஜூலியனும் சேர்ந்து கறுப்பின்மேல் கறுப்பாகப் படம் விழும் பானைச்சூளையைக் கண்டுபிடித்து உலகமெங்கும் விற்றார்கள். வாங்குங்கள், செய்தவர் கையில் காசு கொடுத்து வாங்குங்கள். ஊருக்குள் எது சந்தை, எது கருவறை என்று வீட்டுக்காரர்தான் சொல்லணும்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு நெருடல் வரும் என்று எனக்குத் தெரியும். நாம் ஓலைச்சுவடியைத் தேடி அலைந்த உ.வே.சா.வைக் கும்பிடுகிறவர்கள். எழுதி வைக்காவிட்டால் அழிந்துபோகும், அச்சில் ஏற்றினால்தான் பிழைக்கும் என்பது நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஹேமஸ் புவெப்லோவில் டோவா மொழியை எழுதக்கூடாது என்று ஊரே விதி வைத்திருக்கிறது. கோச்சிட்டியிலும் அவர்களுடைய கேரஸ் மொழி எழுதப்படுவதில்லை. முதலில் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது, இது தற்கொலை இல்லையா என்று. ஆனால் கோச்சிட்டிக்காரர்கள் 2012-ல் ஒரு பள்ளியே தொடங்கியிருக்கிறார்கள். எழுத்து இல்லாமல், காதாலும் வாயாலும், முழுக்க முழுக்கக் கேரஸில் பேசிக் குழந்தைகளை வளர்க்கும் மாண்டிசோரிப் பள்ளி. எழுதி வைத்த மொழியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். பேசுகிற மொழிக்கு ஆள் வேண்டும், ஊர் வேண்டும், பாட்டி வேண்டும். அது சரியான வழியா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? என் மகள் தமிழ் எழுதுவாள், பேச மாட்டாள்.

இப்போது அந்த மூடி வைத்த பக்கம். சொல்லுங்கள் என்று அவர்களே கேட்கிற பக்கம்.

1598-ல் ஹுவான் தே ஓன்யாத்தே வந்தான். அடுத்த ஜனவரியில் ஆக்கோமாவை, ஒரு தனிப்பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஊரை, அடித்து நொறுக்கினான். நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பிடிபட்டவர்களில் 25 வயசுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டச் சொல்லித் தீர்ப்பு. 24 பேர். நானூறாவது ஆண்டுவிழா நெருங்கியபோது அல்கால்டே என்ற ஊரில் வெண்கலக் குதிரைமேல் உட்கார்ந்திருந்த ஓன்யாத்தேயின் வலது பாதத்தை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வரலாற்றுப் பாடம் எடுக்க எத்தனையோ வழி இருக்கிறது.

1675-ல் சவுக்கடி பட்ட பெரியவர்களில் போப்பே என்று ஒருவர், ஓக்கே ஓவிங்கே ஊர்க்காரர். ஐந்து வருஷம் பொறுத்தார். 1680 ஆகஸ்ட். நார்க்கயிற்றில் முடிச்சுப் போட்டு ஓட்டக்காரர்கள் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். ஒரு நாளுக்கு ஒரு முடிச்சு அவிழ்க்கணும், கடைசி முடிச்சு அவிழ்கிற அன்று எல்லா ஊரும் சேர்ந்து எழணும். போன் இல்லை, எழுத்து இல்லை, குதிரைகூட இல்லை. மலையும் பாலையுமாகக் கிடக்கும் அந்த நிலத்தில், ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குப் புரியாத ஊர்களுக்கு நடுவில், வடக்கே தாவோஸ் தொடங்கி மேற்கே ஹோப்பி வரைக்கும் செய்தி போனது. டெசுக்கே ஊர் ஓட்டக்காரர்கள் இரண்டு பேர், கட்டுவா, ஓம்துவா, ஸ்பானியர்களிடம் மாட்டிக்கொண்டார்கள். விஷயம் கசிந்துவிட்டது என்று தெரிந்ததும் நாள் குறித்ததற்கு முன்பே, ஆகஸ்ட் 10-ஆம் தேதியே ஆரம்பித்துவிட்டார்கள். 21 பாதிரிகளும் 400 பேர்வரை குடியேறிகளும் கொல்லப்பட்டார்கள். மிச்சம் பேர் எல் பாசோவுக்கு ஓடினார்கள். போகும்போது இஸ்லெட்டா ஊர் ஜனத்தில் ஒரு கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் டெக்சாஸ் புவெப்லோ வந்த வழி அதுதான். ஸ்பானியர்கள் திரும்பி வர 12 வருஷம் ஆனது. பின்னால் வந்தவர்கள் முன்னைப்போல் சாமி விஷயத்தில் கை வைக்க ரொம்பவே யோசித்தார்கள்.

போப்பேயின் பளிங்குச் சிலை 2005-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் வந்தது. செதுக்கியவர் ஹேமஸ் புவெப்லோவின் கிளிஃப் ஃப்ராகுவா. கையில் முடிச்சுக் கயிறு. பின்பக்கம் போய்ப் பார்த்தால் முதுகில் சவுக்குத் தழும்பு. நாடாளுமன்றத்துக்குள் அனுமதி கிடைத்துவிட்டது, நாலாம் வகுப்பு ஒர்க்‌ஷீட்டுக்குள் இன்னும் கிடைக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளிடம் கொலை, வெட்டு எல்லாம் சொல்லலாமா என்பார்கள். பாதம் வெட்டியதை ஒன்பது வயசில் சொல்ல வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். முடிச்சுக் கயிற்றைச் சொல்லலாமே? ஒன்பது வயசுக்கு அதைவிட நல்ல கதை ஏது? மிகேல் த்ருஹியோவைச் சொல்லலாம். இஸ்லெட்டா புவெப்லோக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், இரண்டாம் உலகப்போரில் மரீன் படையில் இருந்துவிட்டு வந்தவர். வரி கட்டாத இந்தியன் என்று சொல்லி 1948-ல் வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுத்தார்கள். வழக்குப் போட்டு நியூ மெக்சிகோவின் அத்தனை பூர்வகுடிகளுக்கும் ஓட்டு வாங்கித் தந்தார். தாவோஸின் நீல ஏரியைச் சொல்லலாம். 1906-ல் தேசியக் காடு என்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நஷ்டஈடு தருகிறோம் என்றார்கள். பணம் வேண்டாம், ஏரியைக் கொடு என்றார்கள் தாவோஸ்காரர்கள். 64 வருஷம். 1970 டிசம்பரில் 48,000 ஏக்கரைத் திருப்பிக்கொடுக்கும் சட்டத்தில் நிக்சன் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் அந்த ஏரிக்கு வெளியாள் போக முடியாது. அங்கே என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. ஏரியை மீட்ட கதை மட்டும் எல்லாருக்கும் உரியது.

கதை சொல்லும் வாய் எது என்பதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல். பள்ளிக்கூடம்! 1879-ல் பென்சில்வேனியாவில் ஒரு பழைய ராணுவ முகாமில் கார்லைல் பள்ளி திறந்தது. லகுனா புவெப்லோக் குழந்தைகளை அங்கே ரயிலேற்றிக் கொண்டுபோய், முடியை வெட்டி, பெயரை மாற்றி, வீட்டு மொழியைப் பேசினால் தண்டித்தார்கள். 'முன்பு', 'பின்பு' என்று ஜோடி ஜோடியாகப் போட்டோ எடுத்து விளம்பரம் செய்தார்கள். பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று மறித்ததற்காக ஹோப்பி ஆண்கள் 19 பேரை 1895 ஜனவரியில் அல்கட்ராஸ் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஆமாம், சினிமாவில் பார்ப்போமே, அதே அல்கட்ராஸ். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத குற்றத்துக்கு ஏழு மாசத்துக்கு மேல் சிறை. லகுனாவைச் சேர்ந்த டெப் ஹாலண்ட் உள்துறைச் செயலரானதும் 2021-ல் இந்த விடுதிப் பள்ளிகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். 2024-ல் வந்த அறிக்கை, குறைந்தது 973 குழந்தைகள் அந்தப் பள்ளிகளில் செத்துப்போனார்கள் என்றது. அந்த அக்டோபரில் ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டார். நூறு வருஷம் ஒரு ஜனத்தின் பண்பாட்டைக் குழந்தைகளின் தலையிலிருந்து சுரண்டி எடுத்த அதே நிறுவனம் இன்று அந்தப் பண்பாட்டைப் பேப்பர் பிளேட்டில் ஒட்டிக் கொண்டாடச் சொல்கிறது. நடுவில் தான் என்ன செய்தோம் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது. இதற்குப் பெயர் பன்மைத்துவமா?

பள்ளியே வேண்டாம் என்று புவெப்லோக்கள் சொல்லவில்லை. 1890-ல் அரசாங்கம் அவர்களை மாற்றுவதற்காகத் தொடங்கிய சாண்டா ஃபே இந்தியப் பள்ளியை இன்று 19 புவெப்லோக்களும் சேர்ந்து தாங்களே நடத்துகிறார்கள். 2018-ல் நியூ மெக்சிகோ நீதிமன்றமே, பூர்வகுடிக் குழந்தைகளுக்கு உரிய கல்வியை மாநிலம் தரவில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. என்ன கற்றுத்தரலாம் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒர்க்‌ஷீட் போட்டவர்கள் கேட்கவில்லை.

அந்த லீவில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். ஒரு புவெப்லோவில் கிறிஸ்துமஸை ஒட்டி நடனம், வெளியாட்களும் பார்க்கலாம். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. போகிற வழியிலேயே போர்டு: கேமரா கூடாது, போன் கூடாது, படம் வரையக்கூடாது, குறிப்பு எடுக்கக்கூடாது. போனைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். பத்து நிமிஷத்தில் என் கை இரண்டு தடவை காலி பாக்கெட்டுக்குள் போய்விட்டு வந்தது. கைதட்டவும் கூடாது என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன், ஆனால் தட்டப் போனவன் நான்தான். அங்கே என்ன பார்த்தோம் என்று இந்தக் கட்டுரையில் ஒரு பத்தி இருந்திருக்க வேண்டும். வராது. குளிர் பயங்கரமாக இருந்தது, எங்களுக்கு முன்னால் நின்ற பையன்கள் டாலஸ் கவ்பாய்ஸ் ஜாக்கெட் போட்டிருந்தார்கள் என்பதுவரை சொல்லலாம்.

திரும்பி வந்து மகள் டப்பாவில் வீடு கட்டவில்லை. சணல் கயிற்றில் முடிச்சுகள் போட்டு உள்ளே வைத்தாள். பக்கத்தில் ஒரு அட்டையில் 1680, 1948, 1970, 2022 என்று நாலு வருஷம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. முகமூடி ஏன் செய்யவில்லை என்று தனியாக ஒரு சீட்டு, அதை அவளே எழுதினாள்.

போன வெள்ளிக்கிழமை மார்க் வந்தது. வீடு இல்லாததற்கு இருபது, ஏணி இல்லாததற்குப் பத்து, முகமூடிக்கு இருபது போய்விட்டது. கயிற்றுக்குப் பக்கத்தில் டீச்சர் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டு, "எல்லாருக்கும் ஏ, எனக்கு மட்டும் எஃப். உன்னாலதான்ப்பா," என்று சொல்லிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு டீச்சரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். கயிற்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.